குளோரின் போட்ட தண்ணீரில் உருவாகும் ஹாலோ அசிட்டிக் அமிலங்கள்: தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வரும்போது பிளீச்சிங் வாடை தூக்கலாக அடித்தால், "இதைக் குடிச்சா புற்றுநோய் வருமாமே" என்று கேட்பவர்கள் தர்மபுரியிலும் உண்டு, ஓசூரிலும் உண்டு. அந்தப் பயம் முழுக்கக் கற்பனை இல்லை. ஆனால் அது வாடையோடு முடிச்சுப் போடப்பட்டிருப்பதுதான் தவறு. மூக்குக்குத் தெரிவது குளோரின். நாம் கவனிக்க வேண்டிய பொருளுக்கு, குடிநீரில் இருக்கக்கூடிய அளவில், வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது, சுவையும் கிடையாது. ஹாலோ அசிட்டிக் அமிலங்கள் என்பது அதன் பெயர்.

வினிகருக்குப் புளிப்பு தருவது அசிட்டிக் அமிலம். அதன் மூலக்கூறில் இரண்டு கார்பன் அணுக்கள். அவற்றில் ஒன்றோடு மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் ஒட்டியிருக்கும். அந்த மூன்றில் ஒன்று கழன்று அங்கே குளோரின் உட்கார்ந்தால் மோனோகுளோரோ அசிட்டிக் அமிலம். இரண்டு மாறினால் டைகுளோரோ, மூன்றும் மாறினால் டிரைகுளோரோ. குளோரினுக்குப் பதில் புரோமின் வந்தால் மோனோபுரோமோ, டைபுரோமோ. இந்த ஐந்தின் கூட்டுத்தொகையைத்தான் ஆய்வகங்கள் எச்.ஏ.ஏ.5 என்கின்றன. குளோரினும் புரோமினும் கலந்து உட்கார்ந்தவை மூன்று, மூன்று இடத்திலும் புரோமின் உள்ளது ஒன்று என்று இன்னும் நான்கைச் சேர்த்தால் எச்.ஏ.ஏ.9.

இவற்றை யாரும் தண்ணீரில் போடுவதில்லை, தண்ணீருக்குள்ளேயே உருவாகின்றன. குளோரின் வாயுவோ பிளீச்சிங் பவுடரோ தண்ணீரில் கரைந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலம் கிடைக்கிறது. கிருமியைக் கொல்வது அதுதான். ஆனால் அதற்குக் கிருமி எது, மக்கிய இலைச் சாறு எது என்று பேதம் தெரியாது. காட்டு மண்ணிலிருந்தும், பாசியிலிருந்தும், சாக்கடையிலிருந்தும் வந்து கரைந்திருக்கும் கரிமப் பொருளையும் சேர்த்தே தாக்கும். அந்தப் பெரிய மூலக்கூறுகள் உடைந்து சிதறும் துண்டுகளில் சில ஹாலோ அசிட்டிக் அமிலங்களாகின்றன, சில குளோரோஃபார்ம் உள்ளிட்ட டிரைஹாலோமீத்தேன்களாகின்றன. 1974-இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரக் குடிநீரில் குளோரோஃபார்ம் உருவாவதை யோஹானஸ் ரூக் எடுத்துக்காட்டிய பிறகுதான் உலகம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. ஹாலோ அசிட்டிக் அமிலங்கள் அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் கணக்கில் வந்தன. ஆவியாகாத பொருள் என்பதால் அவற்றைப் பிடித்து அளப்பது கடினமாக இருந்தது.

நம் மாவட்டங்களில் இங்கே ஒரு குழப்பம் வரும். ஃபுளோரைடும் குளோரின், புரோமின் அடங்கிய ஹாலஜன் குடும்பம்தானே, நம் போர் தண்ணீரில் அது தாராளமாக இருக்கிறதே, குளோரின் போட்டால் அதுவும் இப்படி மாறிவிடாதா? மாறாது. புரோமைடையும் அயோடைடையும் குளோரினால் ஆக்சிஜனேற்றம் செய்ய (எலக்ட்ரானைப் பறித்து வினைபுரியும் வடிவுக்கு மாற்ற) முடியும், ஃபுளோரைடை முடியாது. அது கரைந்தது கரைந்தபடியே கிடக்கும். பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு பிரச்சினை பாறையிலிருந்து வருவது. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-இல் தொடங்கப்பட்டது. அந்தத் திட்டம் போர் தண்ணீருக்குப் பதில் ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்தது. ஃபுளோரைடு குறைந்தது, கூடவே, ஆழ்துளைக் கிணற்றில் அவ்வளவாக இல்லாத கரைந்த கரிமப் பொருள் உள்ளே வந்தது. பேரம் நமக்கு லாபம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஆற்றுத் தண்ணீரைக் கையாளும் விதம் வேறு என்பதை டேங்க் ஆபரேட்டர் முதல் வீட்டுக்காரர் வரை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

எவ்வளவு உருவாகும் என்பதைத் தீர்மானிப்பவை: கரிமப் பொருளின் அளவு, குளோரினின் அளவு, இரண்டும் சேர்ந்திருக்கும் நேரம், வெப்பம், பிஹெச் (தண்ணீரின் அமில, காரத் தன்மை), புரோமைடு. முதலாவதுதான் எஜமான். கர்நாடகத்தில் மழை பிடித்து காவிரியில் புது வெள்ளம் செந்நிறமாக இறங்கும்போது, காட்டின் இலைச்சருகும் வயல் மண்ணும் கரைந்து வருகிறது. வண்டல் கண்ணுக்குத் தெரியும், படிகாரம் போட்டால் படிந்துவிடும். கரைந்த சாறு தெரியாது. தெளிந்த தண்ணீரிலும் மிச்சமிருக்கும். தென்பெண்ணையின் கதை வேறு. பெங்களூரு கழிவுநீர் கலந்து வரும் ஆறு அது. கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைச் செய்தியில் பார்க்காதவர் குறைவு. அந்தத் தண்ணீர் தேங்கும் இடத்தில் ஊட்டச்சத்து மிகுந்து பாசி செழிக்கும். பாசி படர்ந்த தண்ணீரில் நேராகக் குளோரின் போட்டால் பாசி செல் உடைந்து உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கொட்டும். அதாவது மூலப்பொருளை நாமே அதிகமாக்கிக் கொடுக்கிறோம்.

நேரமும் வெப்பமும் கைகோத்து வரும். ஒகேனக்கல்லில் எடுத்த தண்ணீர் ஓசூர் போய்ச் சேர எத்தனை கிலோமீட்டர் குழாய், எத்தனை தொட்டி, எத்தனை இடத்தில் மறுபடியும் குளோரின்! சித்திரை வெயிலில் மொட்டை மாடி சின்டெக்ஸ் டேங்கில் கை சுடும் தண்ணீரில் இந்த வினை இன்னும் விரைவாக நடக்கும். பிஹெச் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு: அமிலப் பக்கம் போனால் டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம் கூடும், காரப் பக்கம் போனால் குளோரோஃபார்ம் கூடும். ஒன்றைக் குறைக்கப் பிஹெச்சைத் திருப்பினால் மற்றது தலைதூக்கும்.

புரோமைடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பல ஊர்களில் ஆற்றுத் தண்ணீர் போதாமல் போர் தண்ணீரையும் அதே சம்பில் விட்டுக் கலக்கிறார்கள். உப்புக் கூடிய நிலத்தடி நீரில் குளோரைடோடு சேர்ந்து புரோமைடும் இருக்க வாய்ப்பு அதிகம். குளோரின் பட்டதும் அது ஹைப்போபுரோமஸ் அமிலமாக மாறும். கரிமப் பொருளோடு ஒட்டிக்கொள்வதில் அது குளோரினைவிட வேகம். ஒரு தண்ணீரில் கரிமப் பொருள், இன்னொன்றில் புரோமைடு, இரண்டும் ஒரே சம்பில் சந்தித்தால் புரோமின் சேர்ந்த அமிலங்கள் உருவாகும். விலங்கு, செல் ஆய்வுகளில் குளோரின் வகையைவிடப் புரோமின் வகையே பொதுவாக அதிக நச்சுத்தன்மை காட்டுகிறது. எச்.ஏ.ஏ.5 பரிசோதனையில் இரண்டு புரோமின் அமிலங்கள்தான் உண்டு. கலப்பு வகைகள் கணக்கில் வராது. உப்புத் தண்ணீர் கலக்கும் ஊரில் பரிசோதிப்பதென்றால் எச்.ஏ.ஏ.9 கேட்க வேண்டும்.

எவ்வளவு இருக்கலாம்? அமெரிக்காவில் எச்.ஏ.ஏ.5-க்கு வரம்பு லிட்டருக்கு 60 மைக்ரோகிராம். அது ஒரு நாள் அளவல்ல, ஓராண்டுச் சராசரி. 2020-இல் வந்த ஐரோப்பிய ஒன்றியக் குடிநீர் விதியிலும் அதே 60. உலக சுகாதார நிறுவனம் தனித்தனியாகச் சொல்கிறது: மோனோகுளோரோ 20, டைகுளோரோ 50, டிரைகுளோரோ 200 மைக்ரோகிராம். நம் இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500:2012-இல் குளோரோஃபார்முக்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்று வரம்பு உண்டு. ஹாலோ அசிட்டிக் அமிலங்களுக்கு வரம்பே இல்லை. அதனால் வழக்கமான குடிநீர்ப் பரிசோதனை அறிக்கையில் இந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. 60 மைக்ரோகிராம் என்பது எவ்வளவு சிறிது என்று பார்க்க, 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டி முழுக்க அந்த வரம்பில் இருந்தாலும் மொத்த அமிலம் 1.8 கிராம்தான்.

உடல்நலத்தில் இதன் இடம் என்ன? டைகுளோரோ, டிரைகுளோரோ, டைபுரோமோ, புரோமோகுளோரோ அசிட்டிக் அமிலங்களைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை' என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. எலி ஆய்வுகளில் ஆதாரம் போதுமானது, மனிதரில் போதாது என்பது அதன் பொருள். டைகுளோரோ அசிட்டேட்டை மருந்தாகவே சோதித்ததும் உண்டு. உடல் எடையில் கிலோவுக்கு 25 மில்லிகிராம் வரை கொடுத்தபோது நரம்புப் பாதிப்பு வந்தது. 60 கிலோ ஆளுக்கு அது நாளுக்கு ஒன்றரை கிராம். வரம்பளவு தண்ணீரில் இரண்டு லிட்டர் குடித்தால் உள்ளே போவது 0.00012 கிராம். பல ஆண்டுகள் தொடர்ந்து குடிப்பதால் கூடும் சிறிய ஆபத்தைப் பற்றித்தான் இங்கே பேச்சு. குளோரின் இல்லாத தண்ணீரால் வரும் வாந்திபேதி ஒரே வாரத்தில் ஊரைச் சாய்த்துவிடும். துணைப்பொருளை (குளோரின் போடுவதால் உருவாகும் இந்த அமிலம் போன்றவற்றை) குறைக்கிறேன் என்று கிருமிநீக்கத்தில் கைவைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதனால்தான். "குளோரினே வேண்டாம்" என்று தொட்டி ஆபரேட்டரிடம் சண்டை போடுவது தவறான சண்டை.

வீட்டில் எதைச் செய்யலாம் என்று பார்த்தால், முதலில் எது உதவாது என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொதிக்க வைத்தால் போய்விடும் என்ற நம்பிக்கை குளோரோஃபார்முக்குப் பொருந்தும், அது ஆவியாகும். ஹாலோ அசிட்டிக் அமிலங்கள் குடிநீரில் அயனியாகக் கரைந்திருப்பவை, ஆவியோடு போகாது. டிரைகுளோரோ மட்டும் கொதியில் சிதைந்து குளோரோஃபார்மாகி வெளியேறும். டைகுளோரோவும் மோனோகுளோரோவும் அடியிலேயே தங்கும். தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடும். ஃபுளோரைடைக் கொதிக்க வைத்து நீக்க முடியாது என்பது இங்கே பலருக்குத் தெரியும். இதுவும் அந்த ரகம். கிருமிக்காகக் கொதிக்க வைப்பது சரி, தாராளமாகச் செய்யலாம். குடத்தில் பிடித்து ஓர் இரவு திறந்து வைத்தால் வாடை போகும், அமிலம் போகாது.

கரி வடிகட்டி கொஞ்சம் உதவும், ஆனால் ஏமாற்றவும் செய்யும். குளோரின் வாடையைப் பல மாதம் நீக்கிக்கொண்டிருக்கும் அதே கரி, இந்தச் சின்ன அயனிகளைப் பிடிக்கும் திறனை வெகு சீக்கிரம் இழந்துவிடும். வாடை இல்லை என்பதை அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. யு.வி. விளக்கு மட்டும் உள்ள சாதனத்தால் இதில் பயனில்லை. ஆர்.ஓ. நன்றாக நீக்கும், ஏனென்றால் மின்னூட்டம் உள்ள துகளை அந்தச் சவ்வு தள்ளிவிடும். ஃபுளோரைடையும் கூடவே குறைக்கும். அதற்காக இந்த அமிலத்துக்குப் பயந்து மட்டும் ஆர்.ஓ. வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. உப்பும் ஃபுளோரைடும் குறைந்த ஆற்றுத் தண்ணீர் வரும் வீட்டில் ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடுவது இந்த வறண்ட பூமியில் வீண். இன்னொரு ஆறுதல்: இவை தோல் வழியாகவோ மூச்சு வழியாகவோ பெரிதாக உடலுக்குள் போவதில்லை. குளிக்க, துவைக்க வரும் தண்ணீரைப் பற்றிக் கவலையே வேண்டாம். குடிக்கவும் சமைக்கவும் எடுக்கும் சில குடங்கள்தான் கணக்கு.

உண்மையான மாற்றம் வீட்டில் நடப்பதில்லை, தொட்டியில் நடக்கிறது. ஊராட்சித் தொட்டிகளில் பரவலாகப் பின்பற்றும் அளவு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். 30,000 லிட்டருக்கு 120 கிராம். புதுப் பவுடரில் 33 சதவீதம் குளோரின் இருந்தால் 40 கிராம் குளோரின், அதாவது லிட்டருக்கு 1.3 மில்லிகிராம். மூட்டையைத் திறந்து பம்ப் ரூம் மூலையில் வெயிலிலும் ஈரத்திலும் போட்டுவைத்தால் சத்து பாதியாகிவிடும். 15 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் அதே 120 கிராம் 0.6 மில்லிகிராம்தான் தரும். மிஞ்சிய குளோரினை நிறத்தால் காட்டும் குளோரோஸ்கோப்பில் மஞ்சள் நிறம் வரவில்லை என்று ஆபரேட்டர் இரண்டு பங்கு போட ஆரம்பிப்பார். அடுத்த மாதம் புது மூட்டை வரும். கை பழகிய அளவு மாறாது. அன்றைக்குத்தான் தெரு முழுக்க வாடை. பவுடரை மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில், நிழலில், ஓரிரு மாதத் தேவைக்கு மட்டும் வைத்திருப்பது இந்த ஏற்ற இறக்கத்தைத் தடுக்கும்.

போடும் விதமும் முக்கியம். பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டினால் சுண்ணாம்பு அடியில் தங்கும், குளோரின் அங்கேயே சேற்றோடு மல்லுக்கட்டும். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பசைபோல் குழைத்து, வாளி நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரம் தெளிய விட வேண்டும். மேலே தெளிந்த நீரை மட்டும், தொட்டிக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஊற்ற வேண்டும். அப்போதுதான் சீராகக் கலக்கும். அடியில் தங்கிய வெள்ளைச் சேறு தொட்டிக்குள் போகக் கூடாது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம், கடைசி வீட்டுக் குழாயில் 0.2 மில்லிகிராம் எச்சக் குளோரின் (வினைபுரிந்தது போக மிஞ்சும் குளோரின்) நின்றால் போதும். அதற்கு மேல் போவதால் பாதுகாப்பு பெரிதாகக் கூடுவதில்லை, துணைப்பொருள்தான் கூடும்.

தொட்டி கழுவும் நாளில் நடக்கும் தவறு இன்னும் பெரியது. அடியில் இரண்டு விரல் கனத்துக்கு வண்டல் இருக்கும்போதே பிளீச்சிங் கரைசலை ஊற்றிக் கழுவுவார்கள். செறிந்த குளோரினும் செறிந்த கரிமப் பொருளும் சேரும் இடம் அது. வண்டலை முதலில் வெறும் தண்ணீர் விட்டு, பிரஷ் போட்டுத் தேய்த்து, கழிவு வால்வு வழியாக வெளியே தள்ளிவிட வேண்டும். சுவர் சுத்தமான பிறகு கரைசலைப் பூசி அரை மணி நேரம் விட வேண்டும். அந்தக் கழுவுநீரையும் கழிவு வால்வு வழியாகவே விட வேண்டும். விநியோகக் குழாயைத் திறந்து காலி செய்யக் கூடாது. தொட்டி மூடி உடைந்து சருகும் புறா எச்சமும் விழுந்துகொண்டிருந்தால் மேற்கண்ட உழைப்பெல்லாம் ஒரு மாதத்தில் வீணாகும்.

சுத்திகரிப்பு நிலையத்திலும் இதே தத்துவம்: முதலில் கரிமப் பொருளை எடு, பிறகு குளோரின் போடு. தெளிவிப்பானில் பாசி பிடிக்காமலிருக்கத் தொடக்கத்திலேயே குளோரின் போடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அதைக் குறைத்து, வடிகட்டிக்குப் பின்னால் தள்ளினால் செலவில்லாமலே அமில அளவு இறங்கும். படிகாரத்தின் அளவைக் கலங்கல் தன்மையை மட்டும் பார்த்து முடிவு செய்வது இன்னொரு குறை. எவ்வளவு படிகாரம் தேவை என்று பார்க்கும் ஜார் டெஸ்டில் ஆறு பீக்கரில் வெவ்வேறு அளவு படிகாரம் போட்டு, ஒரு நிமிடம் வேகமாகவும் இருபது நிமிடம் மெதுவாகவும் கலக்கி, அரை மணி தெளியவிட்ட பிறகு, கலங்கலோடு சேர்த்து 254 நானோமீட்டர் புற ஊதா உறிஞ்சலையும் அளந்தால் கரைந்த கரிமப் பொருள் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். கலங்கலுக்குப் போதுமான படிகாரம் இதற்குப் பெரும்பாலும் போதாது. பிஹெச் 6-ஐ ஒட்டி இருக்கும்போதுதான் படிகாரம் கரிமப் பொருளை நன்றாக இழுக்கும்.

குடிநீருக்கு வெளியே, கிருஷ்ணகிரியில் இந்த வேதியியல் நடக்கும் இன்னொரு இடம் மாங்கூழ் ஆலை. பழம் கழுவும் தொட்டியில் லிட்டருக்கு 50 முதல் 200 மில்லிகிராம் வரை குளோரின் பயன்படுத்துவது வழக்கம். காம்புப் பாலும் மண்ணும் உடைந்த பழச் சாறும் அதில் சேர்ந்தால் குளோரின் தீர்ந்துபோவதும், துணைப்பொருள் ஏறுவதும் ஒன்றாக நடக்கும். வெறும் தண்ணீரில் முதல் கழுவல், பிறகு குளோரின் தொட்டி, கடைசியில் குடிநீரில் அலசல் என்ற வரிசை இதற்காகத்தான். குளோரின் தொட்டித் தண்ணீர் பழுப்பேறிய பிறகும் அதிலேயே குளோரினை ஏற்றிக்கொண்டிருப்பது இரு வகையிலும் நஷ்டம்.

சுற்றுச்சூழலில் இவற்றின் ஆயுள் ஒன்றுபோல் இல்லை. மோனோகுளோரோவையும் டைகுளோரோவையும் மண்ணிலும் ஆற்றிலும் உள்ள பாக்டீரியா ஓரளவு விரைவாகவே தின்றுவிடும். டிரைகுளோரோ மெதுவாகப் போகும். அதன் சோடியம் உப்பு ஒரு காலத்தில் களைக்கொல்லியாக விற்கப்பட்டது. டிரைஃபுளோரோ அசிட்டிக் அமிலம் என்று ஒன்றைப் பற்றி இப்போது செய்திகளில் படிக்கலாம். அது குளோரின் போட்டதால் வருவதல்ல. கார் ஏசியில் பயன்படும் சில வாயுக்கள் காற்றில் சிதைந்து மழையோடு இறங்குவது அதன் ஒரு முக்கிய வழி. இயற்கையில் அநேகமாகச் சிதைவதே இல்லை. பெயர் ஒத்திருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பரிசோதிக்க விரும்பும் ஊராட்சிக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும்: இந்தச் சோதனைக்குப் பொதுவாகக் கேஸ் குரோமட்டோகிராஃப் என்ற கருவி வேண்டும், ஆகவே ஆய்வகங்களுக்குத் தரச் சான்று தரும் என்.ஏ.பி.எல். அங்கீகாரத்தில் இந்த அமிலங்கள் பெயரோடு இருக்கிறதா என்று கேட்டுத்தான் ஆய்வகத்தைத் தேர்வு செய்ய வேண்டும். அவர்கள் தரும் பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் வெள்ளைப் பொடி இருக்கும். அது அம்மோனியம் குளோரைடு. குளோரினை முடக்கி, வழியிலேயே மேலும் அமிலம் உருவாகாமல் தடுப்பது. அழுக்கு என்று நினைத்துப் பாட்டிலைக் கழுவிவிட்டால் முடிவு கூடுதலாக வரும். குழாயை ஐந்து நிமிடம் திறந்துவிட்டு, நிரம்பி வழியாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் அனுப்ப வேண்டும். 14 நாளுக்குள் பகுப்பாய்வு தொடங்கிவிட வேண்டும். ஒரு முறை கோடையில், ஒரு முறை காவிரியில் புது வெள்ளம் வரும்போது எடுத்தால்தான் படம் முழுமையாகும். எந்த இடத்தில் எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். டிரைஹாலோமீத்தேன் என்றால் கடைசிக் குழாயில் உச்சமாக இருக்கும். ஹாலோ அசிட்டிக் அமிலம் அப்படியல்ல. குளோரின் தீர்ந்துபோன கடைசித் தெருவில் குழாய்ச் சுவரில் வளரும் பாக்டீரியா அதைத் தின்று குறைத்துவிடலாம். ஆகவே குழாய்த்தொடரின் நடுவிலும் ஒன்று, கடைசியிலும் ஒன்று எடுத்து, இரண்டு இடத்திலும் அதே நேரத்தில் எச்சக் குளோரினையும் குறித்துக்கொள்ள வேண்டும். அமிலம் நடுவில் 40 மைக்ரோகிராம், கடைசியில் 5, கடைசியில் குளோரின் பூஜ்யம் என்று ஓர் அறிக்கை வந்தால் அந்த 5-ஐப் பார்த்து மகிழ வேண்டாம். அந்தத் தெருத் தண்ணீருக்கு முதலில் கோலிஃபார்ம் (கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டும் பாக்டீரியா) பரிசோதனை செய்யுங்கள்.